நாலு போர்ஷன் வீட்டுக்கு என்ன விலை கேட்பது?

வேலூரில் வாடகைக்கு விடுவதற்கென்றே முதல்முறையாக நாலு போர்ஷன் வீடு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேரத்தை ஆரம்பிக்கிறார்கள். புரோக்கர் 95 லட்சம் என்கிறார். இவர்கள் மனசுக்குள் பத்து லட்சத்தைக் குறைத்து 85 என்கிறார்கள். அந்த 85 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. 95 என்ற எண்ணே வீட்டுக்காரர் தோராயமாகச் சொன்னதுதான்; பக்கத்துத் தெருவில் யாரோ விற்றதாகக் கேள்விப்பட்டு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டிருப்பார். அவருடைய தோராயத்திலிருந்து நம்முடைய தோராயத்தைக் கழித்தால் கிடைப்பதை விலை என்று சொல்ல முடியாது.

குடியிருக்க வாங்கும் வீடு என்றால் பிடித்த வீட்டுக்கு நாலைந்து லட்சம் கூடக் கொடுத்தாலும் போகட்டும் என்று விடலாம். வாடகைக்காக வாங்கும் வீட்டில் அப்படி முடியாது. கேட்கும் விலையிலிருந்து இறங்கி வருவதை விட்டுவிட்டு, வாடகையிலிருந்து மேலே ஏறிப் போவதுதான் சரியான வழி.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே போட்டவை. சத்துவாச்சாரி பக்கம் மூன்று சென்ட் மனை. கீழே இரண்டு, மாடியில் இரண்டு என்று நாலு போர்ஷன். கட்டடம் 2,000 சதுர அடி, வயது 18. வாடகை 9,000, 8,500, 8,000, பின்பக்க போர்ஷனுக்கு 6,500. மாதம் 32,000, வருஷத்துக்கு 3,84,000.

புரோக்கர் இந்த 3,84,000-ஐத்தான் சொல்லுவார். அது முழுக்க உங்கள் கைக்கு வராது. ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடக்கும். நாலு போர்ஷனையும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு மாத வாடகை போகும் என்று வைத்துக்கொண்டால் 32,000. மாநகராட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சொத்துவரி, தண்ணீர் வரி எல்லாம் சேர்த்து 14,000. வெள்ளையடிப்பது, போர் மோட்டார் காயில் போவது, செப்டிக் டேங்க், மொட்டைமாடி ஒழுகல் என்று சராசரியாக 35,000. படிக்கட்டு விளக்கு, பொது மோட்டார் கரன்ட், கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குச் சம்பளம் 15,000. மொத்தம் 96,000 போக மிஞ்சுவது 2,88,000.

95 லட்சம் போட்டு வருஷம் 2,88,000 என்றால் மூன்று சதவீதம். பேங்க் டெபாசிட்டே இதைவிடக் கூடத் தரும். நம் ஊரில் வீட்டு வாடகை வருமானம் எப்போதுமே இப்படிக் குறைவாகத்தான் இருக்கிறது. மனை விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதியை ஈடுகட்டுகிறது. அதற்காக எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. குறைந்தது நாலு சதவீதமாவது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், 2,88,000-ஐ 25-ஆல் பெருக்கினால் 72 லட்சம். வாடகை சொல்லும் விலை இதுதான்.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஆக மூன்று சென்ட் சுமார் 1,307 சதுர அடி. அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 3,000 போகிறது என்றால் மனைக்கு 39 லட்சம். இன்றைக்குப் புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,200 ஆகும் என்றால் கட்டடத்துக்கு 44 லட்சம். 18 வயதுக்கு முப்பது சதவீதம் கழித்தால் 31 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 70 லட்சம். இரண்டு வழியிலும் 70, 72 என்று பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அப்படியானால் உங்கள் உச்ச விலை 72. முதலில் சொல்லும் விலை 66 அல்லது 67. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாமல் எங்கேயோ நின்றால், வாடகையோ மனை விலையோ யாரோ உங்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மனை விலையை விசாரிக்கும்போது பதிவுத்துறையின் கைடுலைன் மதிப்பையும், அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக வைத்திருக்கும் விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருப் பெயர் போட்டால் இணையத்திலேயே வரும். சந்தை விலை வேறு, கைடுலைன் வேறு. ஆனால் முத்திரைத்தாள் செலவுக்கு அது வேண்டும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைக் குறைத்தபோதே கைடுலைனை 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். 72 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 6,48,000. புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் என்றாலும் 72,000.

லோன் கணக்கையும் விலை சொல்வதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். மதிப்பு என்பதும் நீங்கள் பேசிய விலையாக இருக்க வேண்டியதில்லை. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டால் அதுதான் கணக்கு. 72 லட்சம் வீட்டுக்கு 50 லட்சம் லோன் வாங்கினால், கைக்காசு 22 லட்சம், பத்திரம், கமிஷன் எல்லாம் சேர்ந்து 29 லட்சத்துக்கு மேல் போகும். 50 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை மாதம் 45,000 அளவில் வரும். செலவு போக வீடு தருவது மாதம் 24,000. மீதி 21,000 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். 'வாடகையே இஎம்ஐ-ஐக் கட்டிவிடும் சார்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

வாடகை உண்மையா என்று பார்ப்பது

மேலே போட்ட கணக்கு எல்லாம் 32,000 என்ற ஒற்றை எண்ணின் மேல் நிற்கிறது. அதனால் அதை நோண்டிப் பார்ப்பதில் நேரம் செலவழிப்பது நல்லது.

வீட்டுக்குள் நுழையும் முன் மின்வாரிய மீட்டர் இருக்கும் இடத்தில் நின்று மீட்டரை எண்ணுங்கள். நாலு போர்ஷனுக்கு நாலு சர்வீஸ் இருந்தால் நல்லது. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குடியிருப்பவர் அவரவர் பில்லை அவரவரே கட்டிக்கொள்வார். இரண்டு மீட்டர் மட்டும் இருந்து, மற்ற இரண்டுக்கு சப்-மீட்டர் போட்டு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்துகொண்டிருந்தால், 'வாடகை' என்று சொல்லப்பட்டதில் கரன்ட் காசும் கலந்திருக்கலாம். புது இணைப்பு வாங்கும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில் விழும். விலையில் கழிக்க அது நியாயமான காரணம்.

அப்புறம் குடியிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வீட்டுக்காரர் எதிரில் வேண்டாம், மாடிப் படிக்கட்டில், துணி காயப்போடும் அம்மாவிடம், "தண்ணி எப்படிம்மா வருது?" என்று கேட்டால் போதும். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். காவிரி கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் சித்திரை வைகாசியில் தாங்குமா, டேங்கர் லாரிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்றெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். பேச்சோடு பேச்சாக வாடகை எவ்வளவு, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்பதும் வந்துவிடும். பின்பக்க போர்ஷனில் இருப்பவர் வீட்டுக்காரருக்கு மச்சான் முறை, மூன்றாயிரம்தான் தருகிறார் என்பது போன்ற சேதியெல்லாம் புரோக்கர் வாயிலிருந்து வராது.

எந்தப் பகுதி என்பதும் வாடகையின் குணத்தை மாற்றும். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோடு, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் வரும் வீடுகளில் சில, வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. 'ஒரு ரூம் நாளைக்கு 600 சார், மாசம் 18,000 ஆச்சே' என்பார்கள். முப்பது நாளும் ஆள் இருந்தால்தான் அந்தக் கணக்கு. மேலும் அது லாட்ஜ் நடத்துவதற்குச் சமம்: வீட்டு மின்கட்டணத்தில் நடத்த முடியாது, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், துணி மாற்ற, பெருக்க ஆள் வேண்டும். நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டு அதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால், அதே வீட்டை மாத வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்பதை வைத்து மட்டும் விலை சொல்லுங்கள். காட்பாடியில் விஐடி பக்கம் மாணவர்களை நம்பி இருக்கும் வீடுகள் கோடை விடுமுறையில் காலியாகும். ஒரு மாதக் காலி என்று போட்டதை அங்கே இரண்டாக்குங்கள். சத்துவாச்சாரி, பாகாயம், காந்திநகர் போன்ற இடங்களில் குடும்பங்கள் வருஷக்கணக்கில் இருக்கும். வாடகை கொஞ்சம் மந்தமாகத்தான் ஏறும். முதல் வீட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

லீசில் இருக்கும் போர்ஷன்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். நாலு போர்ஷனில் ஒன்று வாடகையில் இல்லாமல் லீசில், அதாவது போக்கியத்தில் இருக்கலாம். குடியிருப்பவர் நாலு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பார். காலம் முடிந்து அவர் கிளம்பும்போது நாலு லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். பழைய வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ மகள் கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பார். கிரயம் முடிந்த பிறகு குடியிருப்பவர் உங்களைத்தான் கேட்பார்.

அதனால் விலை பேசும்போதே லீஸ் பணம் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். 72 லட்சம் என்று முடிந்தால், நாலு லட்சத்தை நீங்கள் நிறுத்திக்கொண்டு 68 லட்சம் தருவீர்கள், லீஸ்காரருக்குத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையது. மற்ற மூன்று போர்ஷன்களின் வாடகை அட்வான்ஸையும் இதே போலக் கழிக்க வேண்டும். அக்ரிமென்ட்டில் யார் யார், எவ்வளவு என்று பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் குடியிருப்பவரிடமும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். வீட்டை நீங்கள் வாங்கிவிட்டதாலேயே குடியிருப்பவர் வெளியேற வேண்டும் என்று இல்லை. அந்த மூவாயிரம் ரூபாய் மச்சானை உங்களால் கிளப்ப முடியாது என்று தோன்றினால், அந்த ஒரு போர்ஷனைக் காலி செய்து தந்த பிறகே கிரயம் என்று நிபந்தனை போடுங்கள்.

எப்படிச் சொல்வது

நம் ஊரில் விலை கேட்பது வாய்மொழியாக, புரோக்கர் மூலமாக, பெரும்பாலும் டீக்கடையிலோ வீட்டுக்காரர் திண்ணையிலோ நடக்கும். "சார், நேத்து ஆம்பூர் பார்ட்டி ஒண்ணு வந்து பாத்துட்டுப் போயிகிறாரு, எண்பத்தஞ்சுக்கு ரெடியாகிறாரு" என்று புரோக்கர் சொல்லுவார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "சரிங்கண்ணே, அவர் கொடுத்தா அவருக்கே முடிச்சிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உங்கள் எண்ணில் நில்லுங்கள். ஆம்பூர்க்காரர் உண்மையிலேயே இருந்தால் அவர் வாங்கட்டும். உங்கள் கணக்கு மாறப் போவதில்லை.

ஆனால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அரைகுறை வேலை. சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "ஐயா, 67 லட்சம். அக்ரிமென்ட் போட்டு மூணு மாசத்துல கிரயம். அட்வான்ஸ் அஞ்சு லட்சம், எங்க வக்கீல் பத்திரம் பார்த்து ஓகே சொன்னப்புறம், பேங்க் மூலமா. லீஸ் பணமும் வாடகை அட்வான்ஸும் கடைசித் தொகையில கழிச்சிக்கலாம். பேங்க் லோன் வரலைன்னா அட்வான்ஸைத் திருப்பித் தந்துடணும்."

விலை இதில் ஒரு பகுதிதான். வீட்டுக்காரருக்கு எது அவசரம் என்று தெரிந்தால் மற்ற பகுதிகளில் விட்டுக்கொடுத்து விலையில் பிடிக்கலாம். பெரியவர் சென்னையில் மகன் வீட்டுக்குப் போகப் போகிறார் என்றால் அவருக்குச் சீக்கிரம் முடிவது முக்கியம். மூன்று மாதத்தை ஒன்றரை மாதமாக்கினால் ஒரு லட்சம் இறங்கலாம். வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பார், தான் இருக்கும் போர்ஷனை இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளக் கேட்பார். வாடகை தந்து இருக்கட்டும், நமக்கென்ன. ஆடியிலும் மார்கழியிலும் அக்ரிமென்ட் போடப் பலர் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் அந்த மாதங்களில் போட்டி குறைவு. தெற்குப் பார்த்த வாசல் என்று விலை குறைத்துச் சொல்லும் வீட்டையும் ஒதுக்காதீர்கள். குடியிருக்க வருகிறவர் முதலில் தண்ணீரைத்தான் கேட்கிறார்.

லோன் நிபந்தனைக்கு வீட்டுக்காரர்கள் லேசில் சம்மதிப்பதில்லை. வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு என்பதுதான் இங்கே வழக்கமாக எழுதும் ஷரத்து. கடைசியில் 'சொத்துப் பத்திரத்தில் குறை என்று பேங்க் மறுத்தால் மட்டும் திருப்பித் தரப்படும்' என்றாவது எழுதி வாங்குங்கள். உங்கள் சம்பளம் போதாமல் லோன் நின்றுபோனால் அது உங்கள் பாடு. அதற்குத்தான் பேங்க்கில் முன்கூட்டியே தகுதிக் கடிதம் வாங்கிக்கொள்வது.

கறுப்பு வெள்ளை பேச்சு வரும். 'பத்திரத்துல கைடுலைன் மட்டும் போட்டுக்கலாம், மீதி கையில' என்பார்கள். முதல் வீட்டில் இதற்குள் போகாதீர்கள். பத்திரத்தில் இல்லாத பணத்துக்கு லோன் கிடையாது, நாளைக்கு விற்கும்போது அது லாபமாகத் தெரிந்து அதற்கும் வரி விழும். சொத்து விற்பனைக்கு 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், பணத்தை வாங்கிய வீட்டுக்காரருக்கு அதே அளவு அபராதம் வர வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மொத்தமும் பேங்க் வழியாக என்று நீங்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் சில வீடுகள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

காகிதம்

டோக்கன் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வக்கீல் பார்ப்பார் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 வருஷத்துக்காவது வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்), பட்டா, சொத்துவரி ரசீது. ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் ஒரிஜினல் எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம்.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை மட்டும் விலை பேசும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். அப்பா உயில் எழுதாமல் போய்விட்ட வீடு என்றால் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த அக்காவும், பெங்களூரில் இருக்கும் தங்கையும் வர வேண்டும். அண்ணன் மட்டும் 72-க்குச் சரி என்று சொன்னது விலையே இல்லை; மற்றவர்கள் சம்மதிக்கும் வரை அது பேச்சு. விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் நிரந்தரமாக இருப்பவர் என்றால், அவருக்குத் தரும் பணத்தில் நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வரியும் மாறுகிறது. உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போகும் சொத்துக்கு ஒரு சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவருக்கு விகிதம் இதைவிடப் பல மடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கட்டட அனுமதி இன்னொன்று. தரைத்தளமும் முதல் மாடியும்தான் மாநகராட்சி பிளானில் இருக்கும், மேலே இரண்டாவது மாடியில் ஷீட் போட்டு ஐந்தாவது போர்ஷன் ஒன்று வாடகைக்கு விட்டிருப்பார்கள். பேங்க் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார். நீங்களும் அதன் வாடகையை 25-ஆல் பெருக்கி விலை கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வருஷ வாடகைக்கு மேல் அதற்கு மதிப்புப் போட வேண்டாம். மனையே அரசு அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் இருந்தால், வரன்முறைப்படுத்தி இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

விலை ஒத்துவந்து, காகிதமும் சரி என்றால் அக்ரிமென்ட். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறும். இடையில் வீட்டுக்காரர் அந்த ஆம்பூர்க்காரரிடம் போனாலும் அவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது உங்கள் ஒப்பந்தம் அங்கே இருக்கும். அக்ரிமென்ட் தேதிக்கும் கிரயத் தேதிக்கும் நடுவில் வரும் வாடகை வீட்டுக்காரருக்கு, கிரய நாளிலிருந்து உங்களுக்கு. அந்த மாத வாடகையை நாள் கணக்கில் பிரித்துக்கொள்வதையும், அதுவரைக்கான மின்கட்டண, சொத்துவரி பாக்கி அவருடையது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால், கிரயத்துக்கு மறுநாள் நாலு போர்ஷன்காரர்களிடமும் புது வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.